பெயரும் லோகோவும் அச்சுக்குப் போகும் முன்: எல்லையோரத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு டிரேட்மார்க் வழிகாட்டி

கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் சிப்ஸ், செக்கு எண்ணெய், பப்படம், புட்டுமாவு என்று எதற்காவது பெயர் வைத்து பாக்கெட் போடக் கிளம்பியிருக்கிறீர்களா? பவுச் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு பெயரில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தச் சிலிண்டர் பழைய இரும்புதான். அதனால் கீழே உள்ளதையெல்லாம் சிலிண்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முதலில் ஒரு தப்புக் கணக்கைத் தீர்த்துவிடலாம். "நான் கேரளத்துக்குள்ளேதான் விற்கிறேன், பொள்ளாச்சிக்காரர் என்னை என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்கள் பலர். டிரேட்மார்க் பதிவு, அதாவது சரக்கின் பெயருக்கும் லோகோவுக்கும் எடுக்கும் பதிவு, இந்தியா முழுவதற்கும் செல்லும். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் எல்லாவற்றுக்கும் பதிவு அலுவலகம் (ரெஜிஸ்ட்ரி) ஒன்றே, சென்னை கிண்டியில் இருக்கிறது. வாளையார் செக்போஸ்ட் அரிசி லாரிக்குத்தான், பெயருக்கு இல்லை.

1. இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். தன் லேபிளையும் அடுத்தவர் லேபிளையும் மேசையில் போட்டு, "பாருங்கள், அவருடையதில் தென்னை மரம் இடது பக்கம், என்னுடையதில் வலது பக்கம்" என்று வித்தியாசங்களை எண்ணுவார்கள். நீதிமன்றம் அப்படி எண்ணுவதில்லை. கடைக்கு வருகிறவர் கையில் பழைய பாக்கெட்டை வைத்துக்கொண்டு வருவதில்லை அல்லவா? போன மாதம் வாங்கியதன் அரைகுறை ஞாபகத்தோடுதான் வருகிறார். அந்தச் சாதாரண ஆள், அந்த அரைகுறை ஞாபகத்தோடு, குழம்பிப்போவாரா என்பதுதான் கேள்வி. 1962-ல் அமிர்ததாரா, லட்சுமணதாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்கள் ஒன்றுபோல இருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த அளவுகோலை வைத்துத்தான்.

லேபிளுக்கு நல்ல பாடம் 1972-ல் வந்த பார்லே பிஸ்கட் தீர்ப்பு. பார்லேயின் உறையில் பண்ணை முற்றம், நடுவில் தண்ணீர் வாளியோடு ஒரு பெண், சுற்றி மாடும் கோழியும். எதிர்த்தரப்பான மைசூர்க்காரர் உறையில் இருந்த பெண் தலையில் வைக்கோல் கட்டைச் சுமந்துகொண்டு, மறுகையில் அரிவாள் வைத்திருந்தாள். வித்தியாசம் எண்ணினால் பத்து தேறும். ஆனால் உறையின் அளவும் நிறமும் மொத்தத் தோற்றமும் ஒன்றுபோல இருந்ததால், ஒன்றை நினைத்து வந்தவர் மற்றதை வாங்கிப் போய்விடுவார் என்றது நீதிமன்றம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பேரிடம் எதிராளியின் பாக்கெட்டை ஒரு நிமிடம் காட்டி வாங்கிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து உங்கள் டிசைனை மட்டும் காட்டி, "இதை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு பேர் "போன தடவை காட்டினதுதானே" என்றால் டிசைனை மாற்றுங்கள். இது கோர்ட்டில் நிற்கிற சாட்சியம் இல்லை. உங்கள் பணத்தைக் காப்பாற்ற இதுவே போதும்.

2. காதுச் சோதனை: நம் பக்கத்தில் இதுதான் முக்கியம்

மூக்குப்பொடி விற்ற இரண்டு வியாபாரிகளின் வழக்கு 1969-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவருடையது ஸ்ரீ அம்பாள், மற்றவருடையது ஸ்ரீ ஆண்டாள். அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வித்தியாசம் கடைசிவரை உதவவில்லை. காதுக்கு இரண்டும் நெருக்கம், கேட்டு வாங்குகிற சரக்கு, ஆகவே குழப்பம் வரும் என்று தீர்ப்பாகி, ஆண்டாள் லேபிளுக்குப் பதிவு கிடைக்காமல் போனது. 'அர்த்தம் வேற' என்று வாதாடக் கிளம்பும் முன் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் இன்னொரு சிக்கல் சேருகிறது. ஒரே கவுண்டரில் ஒருவர் "அண்ணே, தேன்மழை ஒரு பாக்கெட்" என்பார், அடுத்தவர் "சேட்டா, தேன்மழ ஒரு பாக்கெட்" என்பார். தேன்மழை என்று தமிழில் ஒருவரும் தேன்மழ என்று மலையாளத்தில் இன்னொருவரும் சிப்ஸ் போடுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எழுத்து வேறு, பாக்கெட் வேறு, நிறம் வேறு. கடைக்காரர் காதில் விழுவது ஒன்றுதான். எழுத்து வேறு என்பது கேடயம் ஆகாது. பதிவான பெயரை வாயால் சொல்லிப் பயன்படுத்துவதும் மீறலாகலாம் என்று டிரேட்மார்க் சட்டத்தின் 29(9) பிரிவே சொல்கிறது.

பெயரை முடிவு செய்ததும் ஒரு தாளில் அதன் எல்லா உருவங்களையும் எழுதுங்கள்:

- தமிழில், மலையாளத்தில், சரக்கு சித்தூர் மாவட்டம், நகரி, புத்தூர் என்று ஆந்திரப் பக்கமும் போகும் என்றால் தெலுங்கிலும் எப்படிச் சொல்வார்கள் என்று.
- ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று. 'ழ'வுக்கு இசட்-எச் போடுவார்கள், எல் போடுவார்கள். 'த'வுக்கு டி மட்டும் போடுவார்கள், டி-எச்சும் போடுவார்கள்.
- தமிழ் எழுத்தில் 'க'வும் 'ப'வும் இரண்டு ஒலிக்கும் ஒன்றே. மலையாளத்தில் அவை தனித்தனி எழுத்து. ஆகவே ஆங்கிலத்தில் கே, ஜி இரண்டும், பி-யில் இரண்டு வகையும் போட்டு எழுதுங்கள்.
- பெயரின் முதல் அசையைத் தனியாக அடிக்கோடிடுங்கள். வாய் அதைத்தான் அழுத்திச் சொல்லும், ஞாபகத்தில் தங்குவதும் அதுதான்.

ஒரு பெயருக்கு எட்டு, பத்து உருவம் சாதாரணமாக வந்துவிடும். இந்தத் தாளை வைத்துத்தான் தேட வேண்டும். ஒரே ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட்டு "இந்தப் பேரு காலி" என்று சிலிண்டருக்கு ஆர்டர் கொடுப்பதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தப்பு.

மொழிபெயர்ப்பும் ஆபத்துதான். மயூர் என்ற பெயருக்கும் பீகாக் என்ற பெயருக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, அர்த்தம் ஒன்று என்பதால் தடை உத்தரவு கிடைத்தது. ஒலியில் துளி ஒற்றுமை கிடையாது. எதிராளியின் பெயரை மலையாளத்திலோ தெலுங்கிலோ பெயர்த்து வைப்பது புத்திசாலித்தனம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

3. பொதுச் சொல்லைக் கழியுங்கள், ஆனால் முழுக்கக் கழிக்காதீர்கள்

செக்கு, நாட்டு, கேரளா, ஸ்ரீ, ஃபுட்ஸ், டிரேடர்ஸ் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லை. மைக்ரோனிக்ஸ், மைக்ரோடெல் வழக்கில் (1994) 'மைக்ரோ' என்பது அந்தத் தொழிலின் பொதுச்சொல், அதற்கு யாரும் ஏகபோகம் கேட்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு பெயரில் பொதுவாக இருப்பது 'செக்கு' மட்டும்தான் என்றால் பயப்பட வேண்டாம்.

இதை மறுபக்கம் இழுத்து, "எதிராளி பெயரோடு 'ஸ்ரீ'யும் 'கோல்டு'ம் சேர்த்துவிட்டேன், இப்போது வேறு பெயர்" என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒப்பிடுவது முழுப் பெயரைத்தான். அதில் கனமான பகுதி எது என்று பார்ப்பார்கள். கனமான பகுதி அவருடையதாக இருந்தால், வாலில் என்ன ஒட்டினாலும் பயனில்லை.

ஊர்ப் பெயர் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலக்காடன் மட்ட அரிசிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதைத் தனிப் பெயராக யாரும் பதிய முடியாது. வெறும் ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் மட்டும் சேர்ந்திருந்தால் 9-ஆம் பிரிவில் ஆட்சேபம் நிச்சயம்.

4. லோகோ

தேங்காய் எண்ணெய் லேபிள்களை ஒரு வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பச்சை, மஞ்சள், பாதி உடைத்த தேங்காய், பின்னால் காயல். தொழிலில் எல்லோரும் போடும் படத்துக்காக உங்கள் மேல் வழக்கு வராது. நீங்களும் அதைப் போட்டு யாரையும் தடுக்க முடியாது. வலுவான லோகோ வேண்டுமென்றால் சரக்குக்குச் சம்பந்தமில்லாத உருவமாகத் தேர்ந்தெடுங்கள்.

படங்களை ரெஜிஸ்ட்ரி வியன்னா கோடு என்ற எண் முறையில் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. மரம், விலங்கு, விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. உங்கள் லோகோவில் யானையும் விளக்கும் இருந்தால் இரண்டு எண்ணிலும் தேட வேண்டும்.

இரண்டு பொறிகள் இங்கே உண்டு. ஒன்று, டிசைனர் இலவசப் படத் தளத்திலிருந்து எடுத்துப் போட்டிருப்பார், அதே தேங்காய் இன்னும் நாற்பது பேர் பாக்கெட்டில் இருக்கும். இன்னொன்று, பணம் கொடுத்துவிட்டால் படத்தின் பதிப்புரிமை தானாக நம் கைக்கு வந்துவிடும் என்ற நினைப்பு. எழுத்தில் ஒப்படைப்பு வாங்குங்கள், இரண்டு பக்கமும் கையெழுத்து, தேதியோடு. லோகோவைக் கறுப்பு வெள்ளையில் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் பாதுகாப்பு உண்டு. நிறமே அடையாளமாக இருந்தால் ஒழிய கலரில் பதிய வேண்டாம்.

பெயர், லோகோ இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பெயரைப் பதியுங்கள்.

5. சரக்கும் வாங்குபவரும்

பெயர் ஒன்றுபோல இருந்தால் மட்டும் மீறல் ஆகிவிடாது. பொதுவாகச் சரக்கும் நெருங்கியதாக இருக்க வேண்டும். சரக்குகளும் சேவைகளும் 45 கிளாஸாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சமையல் தேங்காய் எண்ணெயும் வாழைக்காய் சிப்ஸும் 29, முறுக்கு, பப்படம், மசாலாப் பொடி, வெல்லம் 30, உரிக்காத தேங்காய் 31, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3, ஹோட்டல் 43.

கிளாஸ் எண் ஒன்றாக இருப்பதாலேயே சரக்கு ஒன்றாகிவிடாது. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் நந்தினிக்கும் நந்தினி டீலக்ஸ் என்ற ஆந்திரச் சாப்பாட்டு ஹோட்டலுக்கும் நடந்த வழக்கில் (2018), பாலும் ஹோட்டல் சாப்பாடும் வேறு, லோகோவும் வேறு, குழப்பம் வராது என்று ஹோட்டல் பக்கம் தீர்ப்பு வந்தது. எண் வேறாக இருந்தாலும் சரக்கு நெருங்கியதாக இருக்கலாம். சமையல் எண்ணெயும் தலை எண்ணெயும் ஒரே கடையில் ஒரே தட்டில் நிற்பவை. இரண்டிலும் தேடுங்கள்.

அடுத்தது வாங்குபவர் யார், எப்படி வாங்குகிறார் என்பது. டிராக்டர் வாங்குபவர் நாலு நாள் யோசிப்பார். பத்து ரூபாய் முறுக்கு வாங்குபவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். விலை குறைந்த, கேட்டு வாங்கும் சரக்குக்கு ஒப்புமையின் வரம்பு இறுக்கம். 2001-ல் வந்த கேடிலா தீர்ப்பு இந்த அம்சங்களை வரிசையாகச் சொல்லி, பல மொழி பேசும், ஆங்கிலம் தெரியாத பலர் வாங்கும் நாடு இது என்பதையும் கணக்கில் எடுத்தது. அது மருந்து வழக்கு. மருந்துப் பெயர் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஆயுர்வேதத் தைலம் போடுபவர்கள் கவனியுங்கள்.

6. தேடுதல்: அரை நாள் வேலை

ரெஜிஸ்ட்ரி இணையதளத்தில் பொதுத் தேடல் இலவசம். சொல் தேடல், ஒலித் தேடல், வியன்னா கோடு தேடல் என்று மூன்று வகை. ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். இரண்டாம் படியில் எழுதிய தாளில் இருக்கும் ஒவ்வொரு உருவத்தையும் சொல் தேடலில் 'உள்ளடக்கிய' என்ற தெரிவோடும், பிறகு ஒலித் தேடலிலும் போடுங்கள். ஒலித் தேடல் ஆங்கில எழுத்தை வைத்து ஓடுவது. நம் 'ழ'வை அது நம்பகமாகப் பிடிக்காது. அதனால்தான் தாள். முடிவுகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நேர்மையாகத் தேடினீர்கள் என்பதற்குப் பின்னால் உதவும்.

ஒரு பெயர் 'கைவிடப்பட்டது' அல்லது 'மறுக்கப்பட்டது' என்று காட்டினால் சந்தோஷப்பட்டு எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் இன்னமும் அந்தப் பெயரில் விற்றுக்கொண்டிருக்கலாம். பதிவு இல்லாவிட்டாலும் முதலில் பயன்படுத்தியவருக்கு உரிமை உண்டு. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், பதிவை விட முந்திய பயன்பாடு பெரியது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே கடைத் தேடல் கட்டாயம். பொள்ளாச்சி, ஆனைமலை, கேரளத்துச் சித்தூர், பாலக்காடு மொத்தக் கடைகளில் ஒரு சுற்று, ஆன்லைன் கடைகளில் ஒரு சுற்று.

7. விண்ணப்பம்: காசும் காகிதமும்

படிவம் டிஎம்-ஏ. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில் என்றால் ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. காகிதத்தில் கொடுத்தால் 5,000, 10,000. சிப்ஸும் முறுக்கும் போடும் தனிநபருக்கு இரண்டு கிளாஸ், 9,000. பார்ட்னர்ஷிப், கம்பெனி என்றால் சலுகைக் கட்டணத்துக்குச் சிறு தொழில் என்று காட்டும் உத்யம் சான்றிதழ் வேண்டும். ஏஜென்ட் மூலம் போனால் அதிகாரப் பத்திரம் வேண்டும், அவருடைய கட்டணம் தனி. அரசுக் கட்டணம் எவ்வளவு, தன் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

லேபிளில் தமிழோ மலையாளமோ இருந்தால் அதன் உச்சரிப்பும் பொருளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கொடுக்க வேண்டும். இரண்டு மொழியும் இருந்தால் இரண்டுக்கும்.

இன்னும் விற்கத் தொடங்கவில்லை என்றால் 'பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டால் போதும். ஏற்கெனவே விற்பவர் முதல் பயன்பாட்டுத் தேதியைச் சொல்லி, அஃபிடவிட்டும் ஆதாரமும் தர வேண்டும். சிக்கல் வருவது இங்கேதான். நம் ஜிஎஸ்டி பில்களில் மேலே கடையின் பெயர் இருக்கும், உள்ளே 'தேங்காய் எண்ணெய் 1 லிட்டர், 20 எண்ணம்' என்று இருக்கும். பிராண்டுப் பெயர் எங்கேயும் இருக்காது. அப்படி எத்தனை வருடப் பில் இருந்தாலும் அந்தப் பெயரில் விற்றதற்கு அது சாட்சி ஆகாது. இன்றைக்கே பில்லிங் சாஃப்ட்வேரில் சரக்கின் பெயருக்கு முன்னால் பிராண்டைச் சேருங்கள். பழைய காலத்துக்கு அச்சகத்தின் லேபிள் பில், விளம்பர பில், தேதியுள்ள போட்டோ தேடுங்கள். தேதியைக் கூட்டிச் சொல்லாதீர்கள். 2015 என்று சத்தியம் செய்துவிட்டு முதல் பில் 2019-ஆக இருந்தால், மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

விண்ணப்ப எண் கிடைத்ததும் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் பதிவான பிறகுதான்.

8. பரிசோதனை அறிக்கை, எதிர்ப்பு

விண்ணப்பத்தைப் பரிசோதித்து ரெஜிஸ்ட்ரி அனுப்பும் அறிக்கையில் 11-ஆம் பிரிவில் ஆட்சேபம் வந்தால், ஒப்புமை உள்ள பெயர்களின் பட்டியலும் கூடவே வரும். கையில் கிடைத்து 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். மின்னஞ்சலில்தான் வரும். ஏஜென்டின் மின்னஞ்சலை மட்டும் கொடுத்துவிட்டு மறந்துபோகாதீர்கள், வாரம் ஒருமுறை நீங்களே நிலவரம் பாருங்கள். பதிலில் "எங்கள் பெயர் வேறு" என்று ஒற்றை வரி எழுதினால் நிற்காது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒலி, தோற்றம், பொருள், சரக்கு என்று நான்கையும் எழுதுங்கள்.

ஏற்றுக்கொண்டால் ரெஜிஸ்ட்ரியின் ஜர்னலில் வரும். அது திங்கள்கிழமை தோறும் வெளியாவது. வெளியான நாளிலிருந்து 4 மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம், கட்டணம் கிளாஸுக்கு 2,700. எதிர்ப்பு வந்து, அதன் நகல் உங்களுக்குக் கிடைத்து 2 மாதத்துக்குள் பதிலுரை போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். இதற்குக் கால நீட்டிப்பு கிடையாது. யாரும் எதிர்க்கவில்லை என்றால் பதிவு, 10 வருடத்துக்கு. புதுப்பிக்க ஆன்லைனில் கிளாஸுக்கு 9,000. எதிராளியின் விண்ணப்பம் ஜர்னலில் வருகிறதா என்று நீங்களும் பார்த்துக்கொண்டிருங்கள்.

9. நோட்டீஸ் வந்தால்

கிழித்துப் போடாதீர்கள், ஆத்திரத்தில் பதிலும் எழுதாதீர்கள். அவர் பதிவு செய்தவரா, வெறும் பயன்பாட்டுக்காரரா என்று முதலில் பாருங்கள். கேரளத்திலிருந்து போன நவரத்ன மருந்து வழக்கு (1964) இந்த இரண்டுக்கும் உள்ள கோட்டைப் போட்டது. பதிவான பெயரின் முக்கியப் பகுதியை எடுத்திருந்தால், உங்கள் பாக்கெட், நிறம், முகவரி எவ்வளவு வேறாக இருந்தாலும் மீறல்தான். பதிவில்லாதவர், நீங்கள் அவர் பெயரில் சரக்கை ஓட்டுவதாகச் சொல்லும் வழக்கில் மட்டும் அந்த வித்தியாசங்கள் உங்களுக்கு உதவும்.

பதிவு செய்தவர் தான் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருந்தாலும் கோவைக்கு ஓட வேண்டி வரும். உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வந்துவிடாமல் இருக்க, அவர் வழக்குப் போடக்கூடிய நீதிமன்றத்தில் கேவியட் போட்டு வையுங்கள். அது 90 நாள் செல்லும், பிறகு மறுபடி போட வேண்டும்.

உங்கள் பில்கள் அவருடைய பயன்பாட்டையும் பதிவையும் விட முந்தியவை என்றால் 34-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். பிந்தியவை என்றால் கையிருப்புச் சரக்கையும் அச்சான பவுச்சையும் எண்ணிப் பட்டியல் போட்டு, அதைத் தீர்க்க இத்தனை மாதம் அவகாசம் வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேசி முடிக்கலாம். பேசி முடித்ததை எழுத்தில் வாங்குங்கள். புதுப் பெயரையும் அதில் குறிப்பிட்டு, அதற்கு அவர் ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி சேர்த்து வாங்கிய பிறகுதான் அடுத்த சிலிண்டருக்குப் பணம் கட்டுங்கள்.